பன்னிரண்டு கேக்

எங்கள் தீவுப் பக்கத்தில் கல்யாணக் கேக்கைத் தின்பதற்காகச் சுடுவதில்லை, கொடுப்பதற்காகச் சுடுகிறோம். விருந்து முடிகிற நேரத்தில் ஒருவர் எழுந்து நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார். போதகருக்கு ஒரு கேக், பெண் வீட்டுத் தலைமைப் பட்டம் வைத்திருக்கிற பட்டக்காரருக்கு ஒரு கேக், மாப்பிள்ளை வீட்டுப் பட்டக்காரருக்கு ஒரு கேக் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் அவரவர் முன்னால் வைப்பார்கள். வாங்கிப் போனவர் அதை வெட்டித் தின்றாரா, கோழிக்குப் போட்டாரா என்று எவனும் கேட்கப்போவதில்லை. பேரைக் கூப்பிட்டார்களா, எத்தனையாவதாகக் கூப்பிட்டார்கள் என்பதுதான் பேச்சு. பேர் விடுபட்டுப்போனவர் இருபது வருஷம் கழித்தும் ஏதாவது சாவு வீட்டில் உட்கார்ந்து அதைச் சொல்லிக் குமுறிக்கொண்டிருப்பார்.

தீரேசாவுக்கு இது தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தலைநகர் ஆப்பியாவில் மீன் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் கேக் கடையில் ஏழு வருஷமாக அடுப்படியில் வேகிறவள் அவள். இந்த ஊர் வெக்கைக்கு வெண்ணெய் கிரீம் பூசினால் அரை மணியில் வழிந்து தட்டுக்கு வந்துவிடும். அதனால் பழக் கேக்தான், மேலே கெட்டிச் சர்க்கரைப் பூச்சுதான். வெள்ளிக்கிழமை என்றால் பத்துப் பன்னிரண்டு கேக் பிக்கப் வண்டியில் ஏறும். மழை வந்தால் குடையைக் கேக்குக்குப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நனைந்துகொண்டே போவார்கள். முதலாளியம்மா எதெவிஸே விசிறிக்குக் கீழே உட்கார்ந்து காசு வாங்கிப் போடுவாள். தீரேசாவுக்கு வாரத்துக்கு நூற்று எழுபது தாலா.

அவளுக்கும் எசெராவுக்கும் பிப்ரவரியில் நிச்சயமானது. எசெரா பக்கத்து ஊர்க்காரன். ஆஸ்திரேலியாவில் மாட்டிறைச்சித் தொழிற்சாலை ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் ஒன்பது மாதம் போய், வந்து, மறுபடி ஒன்பது மாதம் போய் வந்தவன். குளிர் அறையில் நாள் முழுக்க நின்று எலும்பிலிருந்து கறியை அறுத்தெடுக்கிற வேலை. பதினாலாயிரம் தாலா சேர்த்துக்கொண்டு வந்தான். கூடவே வலது கையைக் கெடுத்துக்கொண்டும் வந்தான். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. வெந்நீரில் அரை மணி நேரம் போட்டு வைத்தால்தான் ஒரு கோப்பையைப் பிடிக்கலாம். இது தீரேசாவுக்கு மட்டும் தெரியும். வீட்டில் சொன்னால் அம்மா அழுவாள், வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்தக் கையை மறுபடி அந்தக் குளிர் அறைக்கு அனுப்பக் கூடாது என்பதுதான் தீரேசாவின் ஒரே பிடிவாதம். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஆக்லாந்தில் யாரோ மூடுகிற பேக்கரி ஒன்றின் கேஸ் அடுப்பு, நான்கு தட்டு, கப்பல் கூலியோடு ஒன்பதாயிரத்துக்கு வருகிறது. அவள் அம்மா லூபே ரோட்டோரத்தில் சேப்பங்கிழங்குக் கட்டு விற்கிற கொட்டகையை ஒட்டி இன்னும் நாலு தகரம் போட்டால் கடை ஆயிற்று. அவள் சுடுவாள், அவன் வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பான். மிச்சம் ஐயாயிரம், அதற்குள் கல்யாணம்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில் முடிந்து, சாப்பாடும் முடிந்து, ஊரே பாயில் சாய்ந்துவிட்ட பிறகு இரண்டு பேரும் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கேக் யாருக்கெல்லாம் என்று எழுதினால் பன்னிரண்டு பேர் வந்தது. மாவும் வெண்ணெயும் பழமும் பெரிய செலவு இல்லை, அது அவள் கைக்குள் இருக்கிற சங்கதி. ஆனால் கேக் தனியாகப் போகாது. பின்னாலேயே ஒரு பன்றி போக வேண்டும், ஒரு பெட்டி மீன் டின் போக வேண்டும், மரியாதைக்கு ஒரு நல்ல பாய், பணம் வைத்த ஒரு கவர். வாங்குகிறவரோடு வண்டி நிறைய வருகிற சனத்துக்குச் சாப்பாடு. தலைக்கு ஆயிரம் தாலா என்று வந்து நின்றது. ஐயாயிரத்துக்கு ஐந்து கேக். ஏழு பேரைத் தாளிலிருந்து அடித்தாக வேண்டும்.

ஒவ்வொரு பேராகச் சொல்லிச் சொல்லி அடித்தாள். எசெரா பக்கத்தில் படுத்து ஈரப்பலாச் சிப்ஸைக் கொறித்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தான். அவன் பெரியப்பா தௌவாலோவின் பேர் வந்தபோது கொஞ்சம் நின்றாள். தௌவாலோதான் அந்தக் குடும்பத்துப் பட்டக்காரர். எசெராவின் அப்பாவும் அவரும் ஒரே வளவில், ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார்கள். அப்பாவுக்கு எப்படியும் ஒரு கேக் உண்டு. ஒரே வீட்டுக்கு எதற்கு இரண்டு என்று கேட்டாள். எசெரா அதற்கும் தலையாட்டினான். அடித்துவிட்டாள். வெளியூர்க்காரி யாராவது செய்திருந்தால் மன்னித்திருப்பார்கள். கேக் சுட்டே பிழைக்கிறவள், பட்டத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டதுதான் கொடுமை.

செவ்வாய்க்கிழமை எசெராவின் தங்கை பௌலினா தட்டுத் திருப்பிக் கொடுக்க வந்தாள். லூபே அவளை உட்கார வைத்து, தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்ட கீரை எல்லாம் போட்டாள். பௌலினா நன்றாகச் சாப்பிட்டாள். கோக்கோக் கெட்டிலுக்கு அடியில் கிடந்த தாளைப் படமும் எடுத்துக்கொண்டாள். ஆக்லாந்து, பிரிஸ்பேன், ஆப்பியா என்று நாற்பத்தொரு பேர் இருக்கிற குடும்பக் குழுவில் அன்று சாயங்காலத்துக்குள் அது போய்ச் சேர்ந்தது. தௌவாலோ என்கிற பேருக்கு மேலே பேனாக் கோடு ஒன்றுக்கு இரண்டாக ஓடியிருந்தது. ஓரத்தில் அடுப்புக்கு ஒன்பதாயிரம் என்று போட்ட கணக்கும் தெரிந்தது.

மானம் கப்பலேறியது என்று சும்மாவா சொல்கிறோம். ஆக்லாந்து அத்தை ஒருத்தி, அனுப்புவதாகச் சொன்ன துணிமூட்டையை நிறுத்திவிட்டதாகக் குரல் பதிவு போட்டாள். பிரிஸ்பேன்காரன் ஒருவன், பெண்ணுக்கு அடுப்பு முக்கியமா ஆள் முக்கியமா என்று கேட்டு, அவனே சிரித்தும் வைத்தான். தௌவாலோ மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது.

புதன்கிழமை காலை பஸ்ஸில் தீரேசாவுக்கு அது நேரிலேயே தெரிந்தது. எங்கள் பஸ்ஸில் இடம் இல்லாமல் போவது கிடையாது. உட்கார்ந்திருப்பவர் மடியில் உட்கார்ந்துகொள்வோம், அவர் மடியில் இன்னொருவர். அன்றைக்கு எசெராவின் ஊர்ப் பெண்கள் நாலு பேர் அவளைப் பார்த்ததும் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். காலிக் கூடைதான். ஒன்றேகால் மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள். இறங்கும்போது பின்னாலிருந்து ஒருத்தி, அஞ்சு கேக்குக்காரி இறங்குறா, வழி விடுங்க என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது.

கடையில் எதெவிஸே அதைவிட மோசம். குளிர்ந்த சோடாவை உறிஞ்சிக்கொண்டே, சொந்தக் கடை வைக்கப் போகிறவர்கள் எல்லாம் தன் அடுப்பில் பழகிவிட்டுப் போவது பழைய கதைதான் என்றும், பட்டக்காரருக்குக் கேக் கொடுக்காதவள் கடையில் எந்தப் பட்டக்காரர் கேக் வாங்குவார் என்றும் நிதானமாகச் சொன்னாள். அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அதனால்தான் தீரேசாவுக்கு அவளை அறையலாம் போல இருந்தது. அன்றைக்கு இருபத்திரண்டு முட்டையை உடைக்கையில் ஆறு முட்டையை வீணடித்தாள், அதையும் கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் லூபே. அவள் கிழங்கைக் கழுவிக்கொண்டே ஆரம்பிப்பாள், கட்டுக் கட்டி முடிகிற வரைக்கும் ஓய மாட்டாள்.

"உங்கப்பா செத்தப்ப அந்தத் தௌவாலோ எத்தனை பாய் கொண்டாந்தாருன்னு உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும். நாலு."

"அஞ்சு. அஞ்சாவது கிழிஞ்ச பாய், அத நான் வெளிய சொல்லல. அப்படிக் காப்பாத்தி வெச்ச மரியாதை. ஒரு பேனா வாங்கிக் குடுத்தது தப்பாப் போச்சு உனக்கு."

"எசெரா கையப் பாத்தியாம்மா நீ?"

"அவன் கைய அவங்கம்மா பாத்துக்குவா. நீ என் மூஞ்சியப் பாரு. நாளைக்கு ரோட்டுல கடை போட்டு உக்கார வேண்டியது நான்தான். இன்னிக்கு ரெண்டு கட்டுதான் போச்சு. அதுவும் வெள்ளைக்காரங்க வாங்கினது."

அந்த வாரம் முழுக்க எசெரா எட்டிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், மழை விட்டதும் வந்தான். கொட்டகைக்குப் பின்னால் நின்று பேசினார்கள். நீதானே அடிக்கச் சொன்னாய், அதை உன் வீட்டில் சொன்னாயா என்று தீரேசா கேட்டாள். தலையாட்டினேன், அடி என்று வாயால் சொல்லவில்லை என்றான். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாயில் என்ன சேப்பங்கிழங்கா வைத்திருந்தாய் என்று கேட்டாள். அவன் கோபித்துக்கொண்டு, உனக்கு என் வீட்டைப் பற்றி என்ன தெரியும், என் அப்பாவுக்குப் படுக்கிற இடம்கூட பெரியப்பா கொடுத்ததுதான் என்றான். அப்படியானால் இதை ஞாயிற்றுக்கிழமையே சொல்வதற்கென்ன என்றாள். நாளைக்கு அம்மா வருகிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் பிக்கப் வந்து நின்றது. எசெராவின் அம்மா ருதா முன்னால் உட்கார்ந்திருந்தாள், நல்ல உடம்பு, கோவிலுக்குப் போகிற வெள்ளை உடுப்பு. பௌலினா ஓட்டி வந்தாள். எசெரா பின்னால், தொட்டியில், தேங்காய் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தான். அந்த நேரத்துக்கு அவன் கையை வெந்நீரில் போட்டிருக்க மாட்டான் என்று தீரேசாவுக்குத் தோன்றியது. அந்த நிலைமையிலும் அதுதான் முதலில் தோன்றியது.

லூபே பாய் விரித்து, கோக்கோ ஊற்றிக் கொண்டுவந்து ஆளுக்கொரு கோப்பை வைத்தாள். சுவரில்லாத வீடு. எதிர் வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தவன் இயந்திரத்தை அணைத்துவிட்டு, அது கெட்டுப்போனது மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ருதா காலை மடக்கி உட்கார்ந்தாள். கையில் ஒரு புதுத் தாள், ஒரு பென்சில்.

"உன் கையெழுத்து எவ்வளவு அழகுன்னு ஆக்லாந்து வரைக்கும் தெரிஞ்சு போச்சு," என்றாள். "அதே கையெழுத்துல இப்ப பன்னெண்டு பேரும் எழுது. மொதல்ல தௌவாலோ. பௌலினா படம் எடுப்பா. அதே நாப்பத்தோரு பேருக்கும் போகும். அதோட முடிஞ்சிது."

"ஒரே வீடுதானேன்னு நெனச்சேன் அத்தை. அவரக் கொறச்சு நெனக்கல."

"கூரைதான் ஒண்ணு. தம்பி முன்னால கேக்கை வெச்சிட்டு அண்ணனை வெறும் பாயில உக்கார வெச்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? வாரம் தவறாம கல்யாணக் கேக்கு போறதைப் பாத்துட்டு வரவதானே நீ? அவர் ஒண்ணும் கத்த மாட்டார். 'தம்பி, உனக்குத்தான் உன் மகன் இருக்கானே, அவன் வீட்டுக்குப் போ'ம்பார். நாங்க பாயைச் சுருட்டிட்டு எங்க போறது? உன் கேஸ் அடுப்புக்குள்ளயா?"

அவள் பொய் சொல்லவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ருதாவுக்கும் போக இடம் கிடையாது. அந்த வளவில் முப்பது வருஷமாக மற்றவர் மனம் கோணாமல் நடந்து நடந்து, நடையே பதுங்கிப்போன பெண் அவள். தீரேசாவுக்கு இரக்கம்கூட வந்தது. ஆனால் பென்சிலை எடுக்கவில்லை.

"அவருக்கு ஒண்ணு சேத்துக்கலாம் அத்தை. ஆறு. மன்னிப்பும் கேக்கறேன், வந்து தரையில உக்காந்து கேக்கறேன். பன்னெண்டு வேணாம்."

"ஆறுன்னா அடுத்த ஆறு பேர் கேக்க மாட்டாங்களா? படத்துல அவனவன் பேரு மேல கோடு இருக்கறத அவனவன் பாத்தாச்சு. இப்ப குறைக்க முடியாது. நீ ஒளிச்சு அடிச்சிருந்தா குறைச்சிருக்கலாம்."

"நான் ஒளிச்சுத்தான் வெச்சிருந்தேன். உங்க பொண்ணுதான் சோறு தின்ன எடத்துல படம் எடுத்தா."

பௌலினா போனைப் பார்த்துக்கொண்டே, "கெட்டிலுக்கு அடியில வெச்சா அது ஒளிக்கிறதா?" என்றாள்.

"பன்னெண்டாயிரம் அத்தை," என்றாள் தீரேசா. "எங்ககிட்ட இருக்கறதே பதினாலு. துணிமணி, கோவில், அது இதுன்னு மிச்சமும் போயிடும். அடுப்பு போச்சு. அப்புறம் நாங்க எதை வெச்சுப் பொழைக்கறது?"

"அடுப்பு எங்க ஓடிப் போவுது? ஜூலையில போறான், அடுத்த ஏப்ரல்ல வரான். வாங்கிக்கோ அப்ப."

"யாரு போறா?"

ருதா மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது நடிப்பு இல்லை.

"ஏண்டா, சொல்லலியா நீ?"

எசெரா தூணில் சாய்ந்து, வலது கையை இடது அக்குளில் செருகி வைத்திருந்தான். சொல்லவில்லை என்பது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. தீரேசா அவனையே கேட்டாள்.

"தொழிற்சாலைக்கு எப்ப பேர் குடுத்த?"

"மார்ச்ல."

"மார்ச் எப்ப?"

"கடைசி வாரம்."

"நாம எழுதினது ஏப்ரல்ல."

"ஒம்பது மாசம்தானே தீரே. போயிட்டு வந்தா கல்யாணமும் ஆயிடும், அடுப்பும் ஆயிடும். யாரும் சண்டை போட வேணாம்."

"அப்ப அன்னிக்கு என் பக்கத்துல படுத்துக்கிட்டு ஒவ்வொரு பேருக்கும் தலையாட்டினியே, அது எதுக்கு?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன், அதுதான் அவனிடம் இருந்த நல்ல குணம்.

"நீ சந்தோஷமா இருந்த," என்றான். "கெடுக்க வேணாம்னு இருந்தேன்."

தீரேசாவுக்குப் பஸ்ஸில் நின்றது, முட்டைக்குக் கூலி போனது, அம்மாவிடம் திட்டு வாங்கியது எல்லாம் அந்த நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஊரோடு மல்லுக்கு நின்றது அந்தக் கைக்காக. கைக்குச் சொந்தக்காரன் அதற்கு முன்பே அதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அவளை விளையாட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அவள் எழுத மாட்டாள் என்று ருதாவுக்குத் தெரிந்துவிட்டது. பென்சிலை மகனிடம் நீட்டினாள். மாப்பிள்ளை எழுதினாலும் போதும், இன்னும் நல்லது என்றாள். எசெரா வந்து உட்கார்ந்து கையை வெளியே எடுத்தான். பென்சிலைப் பிடித்தான். அது விரலுக்கு நடுவில் நிற்காமல் நழுவிப் பாயில் விழுந்தது. எடுத்தான், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்து ஒரு கோடு இழுத்தான், தாள் கிழிந்தது.

"என்னடா இது?" என்றாள் ருதா.

தீரேசா சொன்னாள். காலையில் மடங்காது, வெந்நீர் வேண்டும், போன தடவை போனபோது இரண்டு விரல், இந்தத் தடவை போனால் எத்தனை என்று தெரியாது என்று சொன்னாள். ருதா மகனின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள். மடங்காத விரலைத் தன் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்ததை எல்லாரும் பார்த்தார்கள். எதிர் வீட்டுக்காரன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். இதோடு முடிந்தது, கிழவி எழுந்து போய்விடுவாள் என்று லூபே நினைத்தாள்.

ருதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாயில் கிடந்த பென்சிலை எடுத்து மகனின் இடது கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"இந்தக் கையால எழுதுப்பா," என்றாள். "பெரியப்பா பேரு மொதல்ல."

எசெரா எழுதினான். சின்னப் பிள்ளை எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. தௌவாலோ. போதகர். நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, வேறெங்கும் பார்க்காமல், பன்னிரண்டு பேரும் முடிகிற வரைக்கும் எழுதினான். தீரேசா ஒரு பேர் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏதாவது ஒரு பேரில் நிறுத்திவிட மாட்டானா என்று ஐந்தாவது வரைக்கும் நினைத்தாள், எட்டாவது வரைக்கும்கூட நினைத்தாள்.

பௌலினா எட்டிப் படம் எடுத்தாள். ருதா தாளை மடிக்கப் போனாள். தீரேசா அதைக் கேட்டு வாங்கி, மேலிருந்து கீழே ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"கேக் பன்னெண்டும் நானே சுட்டுத் தரேன் அத்தை. ஒண்ணும் குறையாது, நல்ல பழமாப் போட்டு, பூச்சு வெடிக்காம தரேன். உங்க பெரியவருக்கு மூணு அடுக்காவே தரேன். பொண்ணை மட்டும் வேற வீட்டுல பாத்துக்குங்க."

"தீரே," என்றான் எசெரா.

"நீ தலையாட்டு போதும்," என்றாள் அவள்.

ருதா, இந்தத் திமிருக்கெல்லாம் தாய்க்காரிதான் காரணம் என்று சொல்ல லூபேயின் பக்கம் திரும்பினாள். வாரம் முழுக்க மகளைக் கரித்துக் கொட்டிய லூபே எழுந்து வந்தாள். ருதாவின் முன்னால் பாதிக்கு மேல் மிச்சமிருந்த கோக்கோவை, அவள் கை கோப்பையில் இருக்கும்போதே எடுத்தாள். எசெராவின் கோப்பையை எடுத்தாள். பௌலினா வாயில் வைத்திருந்த கோப்பைக்காகக் கையை நீட்டிக்கொண்டு, அவள் அதைக் கொடுக்கிற வரைக்கும் நின்றாள்.